சென்னையிலிருந்து நேர் கிழக்கே: வங்கக் கடலின் அடியில் என்ன இருக்கிறது?

கடலோர ஊர் ஒன்றில் புவியியல் படிக்கும் மாணவர் ஒருவர் மூன்று கேள்விகளை அனுப்பியிருக்கிறார். குளத்தைப் போலவே கடலும் கரையிலிருந்து போகப் போக ஆழம் கூடி நடுவில்தான் மிக ஆழமாக இருக்குமா என்பது முதல் கேள்வி. சென்னையிலிருந்து நேர் கிழக்கே அந்தமான் வரை போனால் கடலுக்கடியில் எதையெல்லாம் கடப்போம் என்பது இரண்டாவது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை நடுக்கடலில் யார் கண்ணுக்கும் படாமல் வந்து கரையில் மட்டும் அத்தனை உயரம் எழுந்தது எப்படி என்பது மூன்றாவது. மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில், கடல் தரையின் வடிவத்தில்தான் இருக்கிறது. ஆகவே அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்காமல், இரண்டாவது கேள்வி சொல்லும் வழியிலேயே பயணம் செய்து மற்ற இரண்டுக்கும் விடை தேடலாம்.

முதல் கேள்விக்கு மட்டும் சுருக்கமான பதிலை முன்பே சொல்லிவிடுகிறேன்: இல்லை. உலகப் பெருங்கடல்களின் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீட்டர். மிக ஆழமான இடமாகிய மரியானா அகழி ஏறத்தாழ 10,900 மீட்டர். அந்த அகழி பசிபிக் பெருங்கடலின் நடுவில் இல்லை. அதன் மேற்கு ஓரத்தில், தீவு வரிசை ஒன்றை ஒட்டிக் கிடக்கிறது. பெருங்கடல்களின் நடுப்பகுதிகளிலோ பெரும்பாலும் மலைத்தொடர்கள் நிற்கின்றன. குளம் என்பது தரையில் விழுந்த பள்ளம். அதில் நீர் தேங்குகிறது. கடல் அப்படித் தோன்றியதன்று. கடலின் தரை கண்டங்களின் தரையிலிருந்து வேறான பாறையால் ஆனது. பிறந்த விதத்திலும் வயதிலும் வேறானது. இந்த ஒரு வேற்றுமையைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிதாக விளங்கும்.

கண்டங்கள் பெரும்பாலும் கிரானைட்டும் அதன் இனத்தைச் சேர்ந்த பாறைகளும் கொண்டவை. அவற்றின் மேலோடு 30 முதல் 50 கிலோமீட்டர் வரை தடிமன் உடையது. ஆனால் அடர்த்தி குறைந்தது. கடலின் மேலோடு பசால்ட் என்ற எரிமலைப் பாறையால் ஆனது, ஆறு ஏழு கிலோமீட்டர் தடிமன்தான் உண்டு, ஆனால் கனமானது. இரண்டும் கீழேயுள்ள மேலும் அடர்ந்த பாறை அடுக்கின் மீது மிதப்பதுபோல் அமர்ந்திருக்கின்றன. நீரில் தடித்த இலேசான கட்டையையும் மெல்லிய கனத்த பலகையையும் அருகருகே மிதக்கவிட்டால் கட்டையின் முதுகு உயர்ந்தும் பலகையின் முதுகு தாழ்ந்தும் நிற்குமல்லவா, அதுபோலவே கண்டம் உயர்ந்து நிற்கிறது, கடல் தரை தாழ்ந்து கிடக்கிறது, தாழ்ந்த இடத்தில் நீர் நிற்கிறது. நிலத்தின் சராசரி உயரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 840 மீட்டர். கடல் தரையின் பெரும்பகுதியோ நான்கு ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. உலகின் மேற்பரப்பில் இவ்விரு மட்டங்களே மிகுதி. இடைப்பட்ட மட்டங்கள் குறைவு. ஒரே பாறையால் ஆன உலகமாக இருந்தால் இப்படி இரண்டு தளங்களாகப் பிரிந்திருக்காது.

இனிப் புறப்படுவோம். சென்னைத் துறைமுகத்தைக் கடந்ததும் முதலில் வருவது கண்டத்திட்டு. இது கடலன்று என்றே சொல்லத் துணிவேன்; கடல் நீர் மூடிய நிலம். தரை மிக மெதுவாகச் சரிந்து, உலகச் சராசரியில் 130 மீட்டர் அளவு ஆழத்தில் முடிகிறது. மும்பைக்கு எதிரே இந்தத் திட்டு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் அகலம் விரிகிறது. 1974இல் எண்ணெய் கண்டெடுக்கப்பட்ட மும்பை ஹை வயல், கரையிலிருந்து 160 கிலோமீட்டர் தள்ளியிருந்தும் முக்கால் நூறு மீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் திட்டு அப்படி அகலமானதன்று; சில பத்துக் கிலோமீட்டரிலேயே முடிந்துவிடுகிறது. நம் மீனவர்கள் பாகம் என்ற அளவால், அதாவது இரு கைகளையும் விரித்த நீளத்தால், ஆழம் சொல்லும் கடல் பெரும்பாலும் இதுதான். அவர்கள் பார் என்று பெயரிட்டு அழைக்கும் பாறைத் திட்டுகளும் சேற்றுத் தரைகளும் மீன் கூடும் இடங்களும் இங்கேயே உள்ளன. சூரிய ஒளி எட்டுவதாலும் ஆறுகள் ஊட்டம் கொண்டுவருவதாலும், பரப்பில் சிறியதான இந்தத் திட்டிலிருந்துதான் உலக மீன்பிடிப்பின் பெரும்பங்கு வருகிறது.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், துருவப் பகுதிகளில் நீர் பனியாக உறைந்து கிடந்ததால் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. அப்போது இந்தத் திட்டு முழுவதும் வெறும் நிலம். பாக் நீரிணை என்ற ஒன்று இல்லை. இராமேசுவரத்திலிருந்து மன்னார் வரை கால் நனையாமல் நடந்திருக்கலாம். இங்கே குமரிக்கண்டம் பற்றி ஒரு சொல். கடல் கொண்ட ஊர்களைப் பற்றிய நினைவு நம் இலக்கியத்தில் இருப்பது உண்மை. பனி உருகிக் கடல் ஏறியபோது உலகெங்கும் கரையோர மக்கள் நிலம் இழந்ததும் உண்மை. ஆனால் இழந்தது கண்டத்திட்டின் நிலமே. அதற்கப்பால் மத்திய இந்தியப் பெருங்கடலின் ஆழ்படுகையில் துளையிட்டு எடுத்த பாறை பசால்ட். அது என்றுமே கடல் தரையாகப் பிறந்த பாறை. நீருக்கு மேல் நின்ற ஒரு பெருங்கண்டம் அங்கே மூழ்கிக் கிடக்கவில்லை. இதைச் சொல்வதால் பழந்தமிழ் நினைவுகளின் மதிப்பு குறையாது. அந்த நினைவைத் திட்டின் மீது தேடுவதே அதற்குச் செய்யும் நியாயம்.

திட்டின் விளிம்பைத் தாண்டியதும் கண்டச்சரிவு. படங்களில் இதைச் செங்குத்தான சுவர்போல வரைவார்கள். உண்மையில் சராசரியாக நான்கு பாகைதான் சரிவு. ஆனால் அந்தச் சரிவு இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை தொடர்ந்து இறங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையை நீருக்கடியில் வைத்தாலும் அதன் உச்சி தெரியாத அளவு இறக்கம் அது. கண்டம் உண்மையில் முடிவது கடற்கரையில் அன்று, இந்தச் சரிவின் அடியில்தான். இந்தியாவின் கிழக்குக் கரைக்கு ஏன் இப்படி ஒரு விளிம்பு வந்தது என்று கேட்டால், 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒரு பிரிவைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் இந்த விளிம்புக்குக் கிழக்கே கடல் இல்லை, அண்டார்டிகா ஒட்டியிருந்தது. இரண்டும் பிளந்து விலகிய தையல்தான் இன்றைய கண்டச்சரிவு. விலகிய இடைவெளியில் கீழிருந்து பசால்ட் குழம்பு எழுந்து உறைந்து, வங்கக் கடலின் தரை உருவானது.

சரிவு எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. புதுச்சேரி, கடலூர்க் கரைக்கு எதிரே அதை அறுத்துக்கொண்டு இறங்கும் கடலடிப் பள்ளத்தாக்குகள் உண்டு. திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலேயே ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. கரைக்கு மிக அருகில் அத்தனை ஆழம் கிடைப்பதால்தான் அங்கே நீலத் திமிங்கிலங்களையும் எண்ணெய்த் திமிங்கிலங்களையும் படகில் சென்று பார்க்க முடிகிறது. வடக்கே கங்கை, பிரம்மபுத்திரா முகத்துக்கு எதிரே கிடக்கும் பள்ளத்தாக்குக்கு ஆங்கிலேய மாலுமிகள் வைத்த பெயரின் பொருள் தரையற்ற பட்டை என்பது. ஆழம் பார்க்கும் ஈயக்குண்டை அவர்கள் விட்டபோது சுற்றிலும் தரை தட்டிய கயிறு அந்த ஒரு பட்டையில் மட்டும் தட்டவில்லை. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கக் கடலின் முழுக் கதையும் அந்த வாசல் வழியாகத்தான் இறங்கியது.

நாம் இப்போது கரையிலிருந்து 200 கிலோமீட்டர் தள்ளி வந்துவிட்டோம். ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தொட்டுவிட்டது. தரைக்குப் போகுமுன் இடையிலுள்ள நீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் கடக்க முடியாது. மேலே நீர் 28, 29 டிகிரி வெப்பம். ஒளி 200 மீட்டருக்குள் பெரும்பாலும் தேய்ந்துவிடும். ஆயிரம் மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி என்பதே இல்லை. வெப்பம் முதல் சில நூறு மீட்டரிலேயே செங்குத்தாக விழுந்து, அடியில் இரண்டு டிகிரி அளவில் நிற்கும். வெப்ப நாட்டுக் கடலின் அடியில் அத்தனை குளிர் எங்கிருந்து வந்தது? அந்த நீர் இங்கே குளிர்ந்ததன்று. தென்துருவத்தை ஒட்டிய கடல்களில் குளிர்ந்து, கனம் கூடி, அடிக்கு இறங்கி, தரை வழியே வடக்கே ஊர்ந்து வந்தது. அழுத்தம் பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் வீதம் கூடுவதால், மூன்று கிலோமீட்டரில் மேலே இருப்பதைப்போல 300 மடங்கு. உப்பு சராசரியாக ஒரு கிலோ நீருக்கு 35 கிராம். ஆனால் வங்கக் கடலின் வடபகுதியில் மழைக்காலம் முடிந்ததும் மேல்நீர் 30 கிராமுக்கும் கீழே போய்விடுகிறது, அரபிக் கடலிலோ 36ஐத் தாண்டுகிறது. காரணம் ஆறுகள். இந்த நன்னீர்ப் படலம் இலேசாக மேலே மிதந்து, கீழேயுள்ள குளிர்ந்த நீரோடு கலக்காமல் தடுப்பதால் மேற்பரப்பின் வெப்பம் அப்படியே நிற்கிறது. வங்கக் கடல் புயல்கள் வலுப்பெறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆக, ஆறுகள் இக்கடலுக்கு இரண்டைக் கொடுக்கின்றன: மேலே நன்னீர், கீழே மண். மண்ணின் கதைதான் பெரிது.

சரிவின் அடியிலிருந்து அந்தமான் பக்கம்வரை நாம் காண்பது ஏறக்குறைய ஒரே தட்டையான சமவெளி. ஆயிரம் கிலோமீட்டர் போனாலும் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கு அக்கம்பக்கமாகவே இருக்கும். தெற்கு நோக்கி ஒரு கிலோமீட்டருக்கு ஓரிரு மீட்டர் வீதம் தாழ்வதைத் தவிர வேறு சரிவு தெரியாது. நம் காவிரிப் படுகையின் வயல்வெளியை நினைத்துக்கொள்ளலாம். பாடநூலைப் படித்தவர்களுக்கு இதில் வியப்பு எழாது, ஆழ்கடல் சமவெளி என்று பெயர் சொல்லிக் கடந்துவிடுவார்கள். எனக்கோ இந்தப் பயணம் முழுவதிலும் வியப்பூட்டும் இடம் இதுதான். ஏனென்றால் இந்த ஆழம் கணக்கில் ஒத்துவரவில்லை.

கடல் தரை பிறந்த இடத்தில் சூடாகவும் உப்பியும் இருக்கிறது. அப்போது அதன் ஆழம் ஏறத்தாழ 2,500 மீட்டர். வயதாக ஆகக் குளிர்ந்து, சுருங்கி, கனத்துத் தாழ்கிறது. ஒரு கோடி ஆண்டில் ஏறத்தாழ 3,600 மீட்டர், ஐந்து கோடி ஆண்டில் ஏறத்தாழ 5,000 மீட்டர் என்று இந்தத் தாழ்வு உலகின் எல்லாப் பெருங்கடல்களிலும் ஒரே சீராக நடக்கிறது. ஒரு தரையின் ஆழத்தைச் சொன்னால் வயதைச் சொல்லிவிடலாம் என்னும் அளவுக்கு இது நம்பத்தக்க விதி. வங்கக் கடலின் தரையோ பத்துக் கோடி ஆண்டுக்கும் மேல் வயதானது. அது ஐந்தரை கிலோமீட்டர் ஆழத்தில் இருந்திருக்க வேண்டும்; மூன்று கிலோமீட்டரிலேயே தரை தட்டுகிறது. மீதி எங்கே போயிற்று? மீதி முழுவதும் மண். பல கிலோமீட்டர் கனத்துக்கு மண் நிரம்பி, அந்தச் சுமையால் அடிப்பாறையும் மேலும் அமிழ்ந்திருக்கிறது.

அந்த மண் இமயமலை. இந்தியாவையும் சுற்றியுள்ள கடல் தரையையும் சுமந்து நகரும் பெரும் பாறைப் பலகையாகிய இந்தியத் தட்டு அண்டார்டிகாவை விட்டு வடக்கே விரைந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவின் மீது மோதியதால் எழுந்த மலையை, எழுந்த நாளிலிருந்தே மழையும் பனியும் அரைத்துக்கொண்டிருக்கின்றன. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைச் சுமந்து வருகின்றன. அதில் ஒரு பங்கு சமவெளியிலும் டெல்டாவிலும் தங்க, ஒரு பெரும்பங்கு முன்னே சொன்ன தரையற்ற பட்டையின் வழியாக ஆழ்கடலுக்கு இறங்குகிறது. இப்படி உருவான வங்க விசிறி என்னும் படிவு உலகிலேயே மிகப் பெரியது: நீளம் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர், அகலம் ஆயிரத்துக்கும் மேல், வடக்கே தடிமன் 16 கிலோமீட்டர் வரை. நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கேயும் அது நீள்கிறது. 2015இல் பன்னாட்டு ஆய்வுக் கப்பல் ஒன்று வடக்கு எட்டாம் பாகையில், ஏறக்குறைய இலங்கையின் கிழக்கே, இந்த விசிறியில் வரிசையாகத் துளைகள் இட்டது. எடுத்த மண்ணில் இமயத்தின் அபிரகமும் மணலும் இருந்தன, 1.9 கோடி ஆண்டு வரலாற்றில் மலைக்காட்டு மரங்களின் மரத்துணுக்குகளும் மீண்டும் மீண்டும் கிடைத்தன. மலையில் விழுந்த மரம் கடலடியில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், இலங்கைக்குக் கிழக்கே புதைந்திருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

மண் அத்தனை தொலைவு எப்படிப் போகிறது? அமைதியாகப் படிவதால் அன்று. சரிவின் மேல் குவிந்த சேறு நிலநடுக்கத்தாலோ தன் பாரத்தாலோ குலைந்தால், நீரோடு கலந்து நீரைவிடக் கனமான ஒரு கலங்கல் ஓட்டமாக மாறி, பள்ளத்தாக்கு வழியே பாய்கிறது. இதை முதலில் கண்டுகொண்ட விதம் சுவையானது. 1929 நவம்பர் 18 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே ஒரு நிலநடுக்கம் ஏற்பட்டது. அப்பகுதியில் அட்லாண்டிக்கைக் கடந்து கிடந்த தந்திக் கம்பிகளில் அருகிலிருந்தவை உடனே அறுந்தன. தொலைவிலிருந்தவையோ மணிக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக, ஆழத்தை நோக்கிய வரிசையில் அறுந்தன. ஒவ்வொரு கம்பியும் ஓசை நின்ற நேரம் தந்தி நிலையங்களில் பதிவாகியிருந்தது. 1952இல் புரூஸ் ஹீசன், மாரிஸ் யூவிங் என்ற அமெரிக்கக் கடல் ஆய்வாளர்கள் இருவரும் அந்த நேரங்களை வைத்துக் கணக்கிட்டு, கடலடியில் ஒரு சேற்று வெள்ளம் ரயில் வண்டியின் வேகத்தில் ஓடியிருக்கிறது என்று காட்டினார்கள். வங்க விசிறியில் இத்தகைய ஓட்டங்கள் தமக்கென வாய்க்கால் அறுத்து, இருபுறமும் கரை கட்டி, நில ஆறுகளைப் போலவே வளைந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சென்றிருக்கின்றன. ஒரு வாய்க்கால் தூர்ந்து மேடாகிவிட்டால் ஓட்டம் கரை உடைத்துத் தாழ்ந்த பக்கம் திரும்பிவிடும். டெல்டாவில் ஆறு தடம் மாறுவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இப்படி மாறி மாறி நிரப்பியதால்தான் தரை இவ்வளவு மட்டமாக இருக்கிறது.

அந்த மட்டம் ஒரு போர்வை. போர்வைக்கடியில் நாம் அறியாமலே இரண்டு மலைத்தொடர்களைக் கடந்துவிட்டோம். கிழக்குத் தீர்க்கம் 85 பாகையை ஒட்டி ஒரு தொடர், 90 பாகையை ஒட்டி இன்னொரு தொடர். இரண்டும் சென்னையின் நேர் கிழக்கே முழுவதுமாக வண்டலில் புதைந்தவை. எதிரொலி ஆழமானியில் அவை தெரியா. மண்ணை ஊடுருவும் வலிய ஒலியலைகளை அனுப்பியும் புவியீர்ப்பின் நுண்ணிய வேறுபாடுகளை அளந்தும்தான் கண்டார்கள். போர்வை மெலியும் தெற்கே போனால் அவை வெளியே தலைகாட்டுகின்றன. தொண்ணூறு கிழக்குத் தொடர் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் நீளத்துக்கு நூல்பிடித்தாற்போல் வடக்குத் தெற்காக நிற்கிறது. கீழிருந்து இடைவிடாது குழம்பு கக்கிய கெர்குலன் வெப்பப்புள்ளியின் மேல் இந்தியத் தட்டு வடக்கு நோக்கி நகர்ந்தபோது விழுந்த தழும்பு அது. வடக்கே ஏறத்தாழ 8 கோடி ஆண்டு, தெற்கே வரவர இளமை. மேற்கே இலட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் வரிசையும் அதுபோன்ற தழும்பே; அதை இட்ட வெப்பப்புள்ளி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் கரும்பாறைப் படிகளைக் கொட்டிவிட்டு, இன்று ரீயூனியன் தீவின் எரிமலையாகப் புகைகிறது. 85 பாகைத் தொடரின் தென்முனையில் நிற்கும் கடல்குன்றுக்கு, 15ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த ரஷ்யப் பயணி அஃபனாசி நிகிதினின் பெயர். அதன் மேல் படிந்த கோபால்ட் படலத்தை ஆராய 2024இல் இந்தியா பன்னாட்டுக் கடல்தரை ஆணையத்திடம் விண்ணப்பித்தது.

போர்வையே இல்லாத கடல் தரையைப் பார்க்க வேண்டுமானால் நம் வழியை விட்டுத் தென்மேற்கே விலகிப் போக வேண்டும். அங்கே கார்ல்ஸ்பெர்க் முகடும் அதன் தொடர்ச்சியும் இந்தியப் பெருங்கடலின் நடுவே இறங்கி, ராட்ரிக்ஸ் தீவின் தென்கிழக்கே இரண்டாகப் பிரிந்து, ஒன்று ஆப்பிரிக்காவின் தெற்கேயும் மற்றொன்று ஆஸ்திரேலியாவின் தெற்கேயும் போகின்றன. உலகக் கடல்களின் நடுவே ஒன்றோடொன்று இணைந்து 65,000 கிலோமீட்டர் ஓடும் நடுக்கடல் மலைத்தொடரின் ஒரு பகுதி இது. இங்கேதான் கடல் தரை பிறக்கிறது. தட்டுகள் இருபுறமும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் விலக, நடுவிலுள்ள பிளவில் குழம்பு எழுந்து உறைகிறது. பிளவில் இறங்கும் கடல்நீர் கொதித்து 350 டிகிரிக்கும் மேலான வெப்பத்தோடு கரும்புகை போலத் திரும்பி எழும் ஊற்றுகளும், அவற்றைச் சுற்றிச் சூரிய ஒளியின்றி வாழும் உயிர்க்கூட்டங்களும் இத்தகைய முகடுகளில்தான் உள்ளன. அங்கிருந்து விலகிய தரையின் மேல் மண் மிக மெதுவாகவே விழுகிறது. கரையிலிருந்து வெகுதூரத்தில் படியும் செங்களிமண் ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே சேரும். அந்தப் பொறுமையில்தான் மத்திய இந்தியப் படுகையில் மாங்கனீசு உருண்டைகள் பத்து இலட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் வளர்ந்து, உருளைக்கிழங்குகள் போலத் தரையெங்கும் கிடக்கின்றன. வங்கக் கடலில் அவற்றைத் தேடிப் பயனில்லை. உருண்டை வளருமுன் வண்டல் மூடிவிடும்.

இந்த நடுக்கடல் முகட்டை உலகுக்குக் காட்டியவரைப் பற்றி இரண்டு வரி எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சாலஞ்சர் கப்பல் சணல் கயிற்றால் ஆழ்கடலில் 492 இடங்களில்தான் ஆழம் பார்க்க முடிந்தது. ஓரிடத்தை அளக்கவே மணிக்கணக்கில் ஆகும். பிறகு ஒலி வந்தது. நீரில் ஒலி நொடிக்கு 1,500 மீட்டர் செல்வதால், மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப நான்கு நொடி போதும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வகத்தில் மேரி தார்ப் என்பவர், பெண் என்பதால் கப்பலில் ஏற இடமின்றி, மற்றவர்கள் கொண்டுவந்த ஒலி அளவுகளை மேசையில் வரைந்துகொண்டிருந்தார். அட்லாண்டிக் முகட்டின் உச்சி நெடுக ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு ஓடுவதைக் கண்டார். உடன் பணியாற்றிய ஹீசனே முதலில் ஏற்கவில்லை. நிலநடுக்க மையங்களை அதே அளவில் வரைந்து மேலே வைத்தபோது அவை பள்ளத்தாக்கின் வழியே வரிசையாக விழுந்தன. தரை பிளந்து விலகுகிறது என்ற கருத்துக்கு அந்த வரைபடம்தான் கால் ஊன்றிக் கொடுத்தது.

மீண்டும் நம் வழிக்கு வருவோம். பிறந்த தரை அழியவும் வேண்டும். இல்லையேல் உலகம் பெருத்துக்கொண்டே போகும். உலகின் வயது 450 கோடி ஆண்டு. பெருங்கடல்களின் தரையிலோ 20 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பகுதியைக் காண்பது அரிது. பழைய தரை கனத்து, வேறொரு தட்டின் கீழே செருகி, உலகின் வயிற்றுக்குள் இறங்கிவிடுகிறது. செருகும் இடத்தில் தரை வளைந்து உண்டாகும் பள்ளமே அகழி. சாவகத் தீவின் தெற்கே 7,200 மீட்டர் ஆழத்துக்கு மேல் இறங்கும் சுண்டா அகழி, சுமத்ராவைச் சுற்றி வடக்கே திரும்பி நிக்கோபார், அந்தமான் தீவுகளின் மேற்கே வருகிறது. ஆனால் நாம் சென்னையிலிருந்து கிழக்கே வந்து சேரும் இடத்தில் ஆழ வரைபடத்தைப் பார்த்தால் ஏழு கிலோமீட்டர்ப் பள்ளம் எதுவும் தெரியாது. அங்கேயும் இமயத்தின் மண் வந்து அகழியை நிரப்பிவிட்டது. அகழி தூர்ந்தாலும் செருகல் நிற்கவில்லை என்பதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று, அந்தமானின் கிழக்கே உள்ள பேரன் தீவு. இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலையாகிய அது, ஒன்றரை நூற்றாண்டு உறங்கி 1991இல் மீண்டும் வெடித்தது. மற்றொன்று, 2004 டிசம்பர் 26.

அன்று காலை இந்திய நேரம் 6.28க்குச் சுமத்ராவின் வடமேற்கே தொடங்கிய பிளவு, சில நிமிடங்களில் அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் ஓடியது. நூற்றாண்டுக் கணக்கில் சிக்கி வளைந்திருந்த மேல்தட்டின் விளிம்பு விடுபட்டுத் துள்ளியது. கடல் தரை பல மீட்டர் உயர்ந்தது. அதன் மேலிருந்த நீர் முழுவதும், மேலிருந்து அடிவரை, தூக்கப்பட்டது. சாதாரண அலை காற்றால் பிறந்து மேற்பரப்பில் மட்டும் ஓடுவது. இது கடல் முழுவதும் அசைந்த அசைவு. இத்தகைய அலையின் வேகத்தை ஆழமே தீர்மானிக்கிறது. மூன்று கிலோமீட்டர் ஆழமான நம் சமவெளியின் மேல் அது மணிக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர். நூறு மீட்டர் ஆழத்தில் 110. பத்து மீட்டரில் 36. நிலநடுக்கம் நடந்து இரண்டு மணி நேரம் கழித்து மேலே கடந்த ஜேசன் என்ற செயற்கைக்கோள் நடுக்கடலில் அளந்த அலையின் உயரம் 60 சென்டிமீட்டர் அளவே. அந்த 60 சென்டிமீட்டர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்தில் பரந்திருந்ததால், படகில் இருந்தவர்கள் மெதுவாக உயர்ந்து மெதுவாகத் தாழ்ந்தார்கள்; உணர வழியே இல்லை. கண்டச்சரிவை ஏறித் திட்டின் மேல் வந்ததும் அலையின் முன்பகுதி வேகம் இழக்க, பின்னே வரும் நீர் அதே விரைவில் வந்து சேர, நீளம் சுருங்கி உயரம் கூடியது. மூன்று கிலோமீட்டரிலிருந்து பத்து மீட்டருக்கு வரும்போது உயரம் நான்கு மடங்காகும் என்பது எளிய கணக்கு. அதற்கு மேல் கரையின் வளைவும் திட்டின் வடிவமும் இடத்துக்கு இடம் கூட்டியும் குறைத்தும் தந்தன. சென்னைக்கு அது வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இரண்டரை மணி நேரம் இருந்தும் சொல்ல ஒருவரும் இல்லாமல் போனது இன்றும் ஆறாத துயரம்.

எல்லாப் பெருநிலநடுக்கமும் ஆழிப்பேரலை எழுப்பாது என்பதையும் தரையின் அசைவே விளக்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவின் மேற்கே, செருகும் விளிம்பில் அன்றி இந்தியத் தட்டின் உடலுக்குள்ளேயே 8.6 அளவில் நிலம் நடுங்கியது. சென்னையில் கட்டடங்கள் ஆட, மக்கள் கடற்கரையை விட்டு ஓடினார்கள். ஆனால் அங்கே பாறைகள் மேலும் கீழுமாக அன்றிப் பக்கவாட்டில் உராய்ந்து நகர்ந்தன. நீரைத் தூக்க எதுவும் இல்லை. வந்த அலை சிறிதே. அதற்குள் ஐதராபாத்தில் 2007இல் தொடங்கிய எச்சரிக்கை மையம் இயங்கிக்கொண்டிருந்தது. வங்கக் கடலின் தரையில் அழுத்தமானிகள் வைக்கப்பட்டுள்ளன; தலைக்கு மேல் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும் நீரின் எடை ஒரு சென்டிமீட்டர் நீர் அளவு கூடினாலும் அவை உணர்ந்து, ஒலியாக மேலே மிதவைக்கு அனுப்ப, மிதவை செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது. படகில் இருப்பவரால் உணர முடியாத அலையை, இமயத்திலிருந்து வந்த அந்தச் சேற்றுச் சமவெளியின் மேல் கிடக்கும் ஒரு கருவி உணர்ந்து, அலை கரையை அடையுமுன் கரைக்குச் சொல்லிவிடுகிறது.